ஆலையும் திரிகையும்: மோர்டனிலிருந்து சில குறிப்புகள்

மோர்டனில் ஓர் ஆலை இருந்தது என்று 1086ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தைக் கைப்பற்றி இருபது வருடங்களின் பின்னர், எந்த ஊர் யாரிடம் இருக்கிறது, அதிலிருந்து எவ்வளவு கறக்கலாம் என்று அறிவதற்காக முதலாம் வில்லியம் எடுப்பித்த கணக்குத்தான் டூம்ஸ்டே நூல். அதன்படி இந்த ஊர் வெஸ்ற்மின்ஸ்ரர் மடாலயத்தின் சொத்து. நிலம், ஏர், குடிகள் என்று நீளும் பதிவில் ஓர் ஆலையும் வருகிறது. அதன் பெறுமதி 40 ஷிலிங். பக்கத்து ஊரான மேர்ட்டன் மன்னனுக்குரியது. அங்கே இரண்டு ஆலைகள், 60 ஷிலிங். குடியானவர்கள் தலைக்கணக்காக மட்டும் வருகிறார்கள். ஆலைக்குக் கிடைத்த கவனம் அதில் மா அரைத்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இன்று மோர்டன் என்றால் பலருக்கும் ஞாபகம் வருவது நோர்தேர்ன் லைன் பாதாள ரயிலின் தெற்கு முனைதான். 1926இல் ரயில் வந்து, அதன்பின் வீடுகள் நெருங்கிய ஊர் இது. நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் மோர்டன் ஹோல் பூங்கா. அதற்குள்ளே வாண்டில் என்ற சிற்றாறு ஓடுகிறது. ஆறு என்று சொல்ல எம்மவர் சிலர் தயங்குவார்கள். மகாவலியைப் பார்த்த கண்ணுக்கு இது ஒரு வாய்க்கால். ஆனால் ஏறத்தாழ 14 கிலோமீற்றர் மட்டுமே ஓடித் தேம்ஸில் விழும் இந்த வாய்க்காலில் டூம்ஸ்டே காலத்திலேயே பதின்மூன்று ஆலைகள் இருந்திருக்கின்றன. நாடு முழுவதும் அந்த நூலில் பதிவானவை சுமார் 6,000.

நான் ஒரு காலத்தில் பொருளாதார வரலாறு படிப்பித்தவன். இப்போது பாண் தொழிற்சாலையொன்றில் இரவு வேலை. மாவோடு இப்படி ஒரு நேரடி உறவு ஏற்பட்ட பிறகுதான் ஆலையின் வரலாறு எனக்குப் பாடப்புத்தக விடயமாக இல்லாமற் போயிற்று. எமது விவாதங்களில் அடிக்கடி தலைகாட்டும் இரண்டு எண்ணங்களை இந்த வரலாற்றோடு உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கைத்திரிகையும் உரலும் இருந்த கிராமம் சுயமானது, ஆலை வந்துதான் அதைக் கெடுத்தது என்பது ஒன்று. தொழில்நுட்பம் மாறினால் சமூக உறவும் தானாக மாறும் என்பது மற்றது. முதலாவதை எமது தேசியவாதிகளும் இரண்டாவதை எமது இடதுசாரிகளும் விரும்பிச் சொல்வார்கள். இரண்டையும் சொல்கிறவர்களும் உண்டு.

முதலில் ஆறு. வாண்டில் சுண்ணக் குன்றுகளின் அடியிலிருந்து ஊற்றெடுக்கிறது. குறொய்டன், கார்ஷல்ரன் பக்கத்தில் ஊறும் நீர் வெண்சுண்ணப் பாறைக்குள் மழையைச் சேமித்து வைத்து ஆறுதலாக விடுவது. எனவே கோடையில் முற்றாக வற்றுவதில்லை. குளிர்காலத்திலும் இலகுவில் உறைவதில்லை. ஆலைச் சக்கரத்துக்கு வேண்டியது பெருவெள்ளம் அல்ல, நிதானமான ஓட்டம். யாழ்ப்பாணக் குடாநாடும் சுண்ணக்கல்லின் மேல்தான் கிடக்கிறது. அங்கும் மழைநீர் பாறைக்குள் இறங்கிச் சேர்கிறது. ஆனால் நிலம் தட்டையானது. நீர் ஆறாக வெளிப்படாமல் கிணறாகவும் நிலாவரையாகவும் கீரிமலைக் கேணியாகவும் நின்றுவிட்டது. இங்கே பாறை ஆலையைக் கொடுத்தது, அங்கே துலாவைக் கொடுத்தது. துலாவில் ஏறி நடந்தவர்கள் சக்கரம் செய்யவேண்டிய வேலையைத் தங்கள் கால்களால் செய்தார்கள்.

ஆலையின் உள்ளமைப்பு எங்கள் திரிகையிலிருந்து அடிப்படையில் வேறானதல்ல. அசையாத கீழ்க்கல், சுழலும் மேற்கல், மேற்கல்லின் நடுவில் தானியம் போட ஒரு குழி. தானியம் நடுவிலே விழுந்து, கற்களில் வெட்டிய சால்கள் வழியே அரைபட்டு, விளிம்பில் மாவாகக் கொட்டும். வித்தியாசம் சுழற்றும் சக்தியில். ஆற்றில் நிமிர்ந்து நிற்கும் சக்கரம் மெதுவாகச் சுற்றுகிறது. அதன் அச்சிலே பூட்டிய பற்சக்கரம் இன்னொரு சிறிய பற்சக்கரத்தோடு செங்கோணத்தில் பொருந்தி, கிடையாகக் கிடக்கும் கல்லை நிமிடத்துக்கு நூறு தடவையளவில் சுழற்றுகிறது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றக் கல் பல சுற்றுச் சுற்றும். கற்கள் ஒன்றோடொன்று முட்டக்கூடாது, முட்டினால் தீப்பொறி; அதிகம் விலகவும் கூடாது, விலகினால் மா அல்ல, குறுணல்தான் வரும். தேய்ந்த சால்களை உளியால் மீண்டும் வெட்டவேண்டும். ஊரில் அம்மி பொளிய வருபவரின் வேலையை இங்கே ஆலைக்காரன் தானே செய்வான், அல்லது அதற்கென ஊர் ஊராகத் திரிந்தவர்கள் செய்தார்கள்.

இந்தப் பொறி இங்கிலாந்தில் பிறந்ததுமல்ல, மத்திய காலத்தில் பிறந்ததுமல்ல. கிறிஸ்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டில் ரோமானியக் கட்டடக்கலைஞர் விற்றூவியஸ் இதை விபரித்திருக்கிறார். ஆனாலும் ரோமானியர் காலத்தில் மா அரைத்தலின் பெரும்பகுதி அடிமைகளின் கைகளாலும் விலங்குகளாலுமே நடந்தது. ஐரோப்பாவில் ஆற்றுக்கு ஆறு ஆலை முளைத்தது அதற்குப் பல நூற்றாண்டுகள் பிந்தித்தான். ஏன் இந்தத் தாமதம்? 1935இல் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் மார்க் ப்ளொக் நீராலையைப் பற்றி எழுதிய கட்டுரை இந்தக் கேள்விக்கான விடையைத் தொழிலாளரில் தேடியது. அடிமைகள் தாராளமாகக் கிடைத்தபோது ஆலைக்குச் செலவழிக்க யாருக்கும் அவசரம் இருக்கவில்லை. கைகள் குறைந்தபோதுதான் சக்கரம் வேண்டியிருந்தது. கண்டுபிடிப்பு ஒன்று, அதன் பரம்பல் வேறொன்று. முன்னதைப் பொறிஞர்களும் பின்னதைச் சமூக உறவுகளும் தீர்மானிக்கின்றன. (ப்ளொக் பின்னர் நாஸி ஆக்கிரமிப்புக்கு எதிரான இயக்கத்தில் சேர்ந்து 1944 ஜூனில் சுட்டுக்கொல்லப்பட்டார். பேராசிரியர் வேலையை இழந்து தலைமறைவாகத் திரிந்த காலத்திலும் எழுதிக்கொண்டிருந்தவர்.)

இனி அந்த 40 ஷிலிங் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். நெல்லை உமி நீக்கினாற் போதும், அரிசியாகச் சமைக்கலாம். கோதுமையில் பாண் சுடுவதானால் மாவாக்கியே தீரவேண்டும். அன்றாடப் பாணுக்கும் வயலுக்கும் இடையில் ஒரு கல் கட்டாயம் நிற்கிறது. அந்தக் கல்லைப் பிடித்தவன் ஊரின் வயிற்றைப் பிடித்தவன். இதைப் பிரபுக்களும் மடாலயங்களும் வெகு சீக்கிரத்தில் விளங்கிக்கொண்டார்கள். தங்கள் நிலத்துக் குடிகள் தங்கள் ஆலையிலேயே அரைக்கவேண்டும் என்பது வழக்காறாயிற்று. அரைப்புக் கூலி காசாக அல்ல, தானியமாகவே எடுக்கப்பட்டது: இடத்துக்கும் குடியின் அந்தஸ்துக்கும் ஏற்ப 24இல் ஒரு பங்கு, 16இல் ஒரு பங்கு, வடக்கே சில இடங்களில் 13இல் ஒரு பங்கு. அடிமைக் குடிகளிடம் கூட, சுதந்திரக் குடிகளிடம் குறைவாக. வேறு ஆலைக்குப் போனால் தண்டம். ஆலைக்காரன் அளவையில் களவெடுப்பவன் என்பது இங்கிலாந்தின் நாட்டார் கதைகளில் பழகிய பகிடி. அவனும் பிரபுவுக்குக் குத்தகை கட்டவேண்டியவன் என்பது கதைகளில் வருவதில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரேயொரு எதிரி வீட்டுக்குள் இருந்தது. கைத்திரிகை. அது சத்தம் போடும், கையை நோகப்பண்ணும், ஆனால் கூலி கேட்காது. ஆகவே திரிகை வைத்திருப்பதே பல இடங்களில் குற்றமாயிற்று.

லண்டனுக்கு வடக்கேயுள்ள சென்ற் அல்பன்ஸில் நடந்தது இதன் உச்சம். அங்கே மடாதிபதியாக 1327 முதல் 1336 வரை இருந்த றிச்சர்ட் ஒவ் வோலிங்போர்ட் பெரிய கணிதவியலாளர். பற்சக்கரங்களால் கோள்களின் ஓட்டத்தைக் காட்டும் வானியல் மணிக்கூட்டை வடிவமைத்தவர். ஆலையின் பற்சக்கரத்தை விண்ணுக்கு உயர்த்திய அதே மனிதர்தான் ஊரவர்களின் கைத்திரிகைகளைப் பறித்துக்கொண்டுவந்து, மடாலயத்துக் கூடமொன்றின் தரையில் பதிப்பித்தார். ஊரின் கற்கள் துறவிகளின் காலடியில் ஐம்பது வருடம் கிடந்தன. 1381இல் விவசாயிகளின் கிளர்ச்சி மூண்டபோது, வில்லியம் கிறைண்ட்கொப் என்பவரின் தலைமையில் ஊரவர்கள் மடாலயத்துக்குள் புகுந்தார்கள். சாசனங்களைத் தேடினார்கள், எரித்தார்கள். பிறகு அந்தத் தரையைப் பெயர்த்துக் கற்களை எடுத்து, உடைத்து, ஆளுக்கொரு துண்டாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் ஆசீர்வதித்த அப்பத்தைப் பிட்டுக் கொடுப்பதுபோல அதைச் செய்ததாக, கிளர்ச்சியை வெறுத்த அதே மடாலயத்துச் சரித்திரக்காரர் தோமஸ் வோல்சிங்காம் எழுதிவைத்தார். உடைந்த திரிகைத் துண்டால் மா அரைக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். கிறைண்ட்கொப் தூக்கிலிடப்பட்டார். ஆலைக் கட்டாயம் உடனே ஒழியவில்லை. சில நகரங்களில் அதன் எச்சங்கள் 19ஆம் நூற்றாண்டு வரை நீடித்தன.

இந்த இடத்தில் எங்களில் பலர் மனப்பாடமாகச் சொல்லும் ஒரு சூத்திரத்தைத் தொடவேண்டும். 1847இல் வெளிவந்த ‘தத்துவத்தின் வறுமை’யில் மார்க்ஸ் கைத்திரிகையை நிலமானியப் பிரபுவோடும் நீராவி ஆலையைத் தொழில் முதலாளியோடும் சேர்த்து வைத்தார். சென்ற் அல்பன்ஸ் காட்டுவது நேரெதிரானது. அங்கே நிலமானியத்தின் கருவி நீராலை. கைத்திரிகை அதற்கு எதிராக நின்ற குடியானவரின் கருவி. ப்ளொக் இதைத் தெளிவாகக் கண்டவர். மார்க்ஸ் ஒரு விவாதத்தின் சூட்டில் எழுதிய வாக்கியத்தை, அவருக்குப் பின்வந்தவர்கள் விதியாக மாற்றிக்கொண்டார்கள் என்பதே எனது அபிப்பிராயம். ஒரே கல் அடிமையின் கையில் இருந்தால் அடிமைத்தனம், குடியானவப் பெண்ணின் வீட்டில் இருந்தால் எதிர்ப்பு. கல்லைப் பார்த்து உறவைச் சொல்லமுடியாது.

இதையும் மிகைப்படுத்தக்கூடாது. றிச்சர்ட் ஹோல்ற் 1988இல் மத்தியகால இங்கிலாந்தின் ஆலைகள் பற்றி எழுதிய நூல், பிரபுக்களின் பிடி எங்கும் ஒரே இறுக்கமாக இருக்கவில்லை என்று காட்டியது. கட்டாயத்துக்கு உட்படாத ஆலைகளும் இருந்தன. தண்டம் கட்டிக்கொண்டு திரிகையை வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். 1348–49 கொள்ளைநோயில் சனத்தொகை சரிந்தபின் ஆலை வருமானமும் சரிந்தது. அரைக்க வருபவர் இல்லாவிட்டால் உரிமையை வைத்து என்ன செய்வது?

எங்கள் பக்கம் திரும்பினால், சோழர் காலக் கல்வெட்டுகளில் செக்கிறை என்று ஒரு வரி வருகிறது. தறிக்குத் தறியிறை போல, செக்குக்குச் செக்கிறை. எண்ணெய் ஊற்றும் செக்கு ஊரில் ஒன்றிரண்டு. கண்ணுக்குத் தெரிவது, எண்ணக்கூடியது. வீட்டுக்கு வீடு இருந்த உரலையும் திரிகையையும் எண்ணி வரி வாங்குவதைவிட நெல்லிலேயே பங்கு எடுப்பது அரசுக்கு இலகு. சோறு உண்ணும் ஊரில் வயலுக்கும் வாய்க்கும் இடையில் பிடித்துவைக்கத்தக்க ஒரு கல் இல்லை. அதனால் எங்கள் ஊர்களில் ஆலைப் பிரபு தோன்றவில்லை. இதை வைத்து எங்கள் கிராமம் சமத்துவமானது என்று சொல்லப் புறப்படுகிறவர்களிடம்தான் எனக்குத் தகராறு.

எங்கள் வீட்டில் குரக்கன் அரைக்க, பயறு உடைக்கத் திரிகை இருந்தது. நெல் குற்ற ஒரு தாயும் மகளும் வருவார்கள். கோடிப்புறத்தில் உரல். இரண்டு உலக்கைகள் மாறி மாறி விழும் சத்தத்தை இன்று நினைத்து உருகுகிறவர்கள் பலர், கவிதைகளும் வந்திருக்கின்றன. அவர்களுக்குக் கூலி குறுணலும் தவிடும், சிலவேளை ஒரு கொத்து அரிசி. அவர்கள் குற்றிய அரிசி குசினிக்குள் போகும், அவர்கள் போகமுடியாது. தண்ணீரைக் கையேந்தித்தான் குடிக்கவேண்டும். ஆலைப் பிரபுவின் 16இல் ஒரு பங்கைக் கணக்குப் பார்க்கிற நாங்கள், எங்கள் கோடிப்புறத்துக் கணக்கை எப்போதாவது பார்த்தோமா? சாதியும் பெண்ணுடலும் சேர்ந்து இயக்கிய ஆலை அது. சக்கரம் வெளியே தெரியாததால் ஆலை இல்லை என்று எண்ணிக்கொண்டோம்.

பிறகு சந்தியில் மில் வந்தது. அந்தத் தாய்க்கும் மகளுக்கும் வேலை போயிற்று; அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆனால் மில்லின் வாசலில்தான் எங்கள் ஊரின் எல்லாப் பக்கத்துப் பெண்களும் ஒரே வரிசையில் கடகத்தோடு நின்றதை முதன்முதலாகக் கண்டேன். பெரிய வீட்டு மூட்டைகள் பின்கதவால் முதலில் உள்ளே போனதையும் கண்டேன்.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியபின் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது, எரிபொருளுக்குத் தடை வந்தது. மின் மோட்டரில் ஓடிய மில்கள் மூடப்பட்டன. பழைய இயந்திரம் வைத்திருந்தவர்கள் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் விலைக்கேற்ப அரைப்புக் கூலி ஏறியது. மீண்டும் உரலும் உலக்கையும் வெளியே வந்தன. எனது தாயார் பின்பத்தியில் கிடந்த திரிகையைக் கழுவி எடுத்தார். அந்நாட்களில் இதைத் தன்னிறைவு என்றும் பழைய பண்பாட்டின் மீட்சி என்றும் மேடைகளில் பேசினார்கள். நான் அப்போது மாணவன். கைதட்டியவர்களில் நானும் இருந்திருப்பேன். மேடையில் பேசியவர்கள் எவரும் அன்றைக்கு மா இடிக்கவில்லை. இடித்தவர்கள் மில் எப்போது ஓடும் என்றுதான் கேட்டார்கள். திரிகையைத் தெரிவு செய்வது வேறு, திரிகைக்குத் தள்ளப்படுவது வேறு. சென்ற் அல்பன்ஸ் மக்கள் போராடியது கைவலிக்காக அல்ல. எதில் அரைப்பது என்று தாங்களே தீர்மானிக்கும் உரிமைக்காக.

வாண்டிலின் மிகுதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தானிய ஆலைகளோடு துணி, செம்பு, தோல், காகித ஆலைகளும் சேர்ந்துகொண்டன. ஒருவர் மதகை அடைத்தால் கீழே உள்ளவரின் சக்கரம் நிற்கும். ஆகவே ஓயாத வழக்குகள். 18ஆம் நூற்றாண்டின் முடிவில் வொண்ஸ்வேர்த்திலிருந்து குறொய்டன்வரை கால்வாய் வெட்டும் யோசனை வந்தபோது, அது ஆலைகளின் நீரைக் குடித்துவிடும் என்பதாற் கைவிடப்பட்டது. பதிலாகத் தண்டவாளம் போட்டுக் குதிரைகளால் இழுப்பித்தார்கள். 1803இல் திறந்த அந்தச் சறே இரும்புப் பாதை, பொதுமக்கள் கட்டணம் கட்டிப் பொருள் ஏற்றக்கூடியதாக நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த ஆரம்பப் பாதைகளில் ஒன்று. ரயிலின் பூர்வீகத்திலும் ஒரு தண்ணீர்ச் சண்டை இருக்கிறது. 1881இல் மேர்ட்டனுக்கு வந்து வாண்டில் நீரிலே துணி அலசிச் சாயம் ஏற்றியவர் வில்லியம் மொறிஸ், சோசலிஸ்ட். கைவினையின் மகத்துவத்தை எழுதியவரின் அழகிய துணிகளை வாங்கியவர்கள் பணக்காரர்கள் என்ற முரண்பாடு அவருக்கே உறுத்தியது.

மோர்டன் பூங்காவில் இன்று நிற்கும் இரண்டு ஆலைக் கட்டடங்களும் மாவுக்கானவை அல்ல. மூக்குத்தூள் ஆலைகள். இந்த ஆற்றுத் தண்ணீர் புகையிலையை அரைத்தது. வலிகாமத்துப் புகையிலை திருவிதாங்கூருக்கு ஏறிய கதையைப் படிப்பித்த எனக்கு, மோர்டனிலும் புகையிலையே முன்னால் வந்து நின்றது வேடிக்கைதான். ஹற்பீல்ட் என்ற புகையிலை வியாபாரக் குடும்பம் 1870களில் காணியை வாங்கியது. ஆலை 1922இல் நின்றது. 1941இல் கடைசி உரிமையாளர் இறந்தபோது பூங்கா நஷனல் ட்ரஸ்ற்றுக்குப் போயிற்று. சக்கரம் காட்சிக்கு நிற்கிறது.

தானிய ஆலைகளை வீழ்த்தியது சட்டமுமல்ல, கிளர்ச்சியுமல்ல. உருக்கு உருளைகள். ஹங்கேரியில் வளர்ந்த உருளை அரைப்பு முறை 1870கள், 80களில் இங்கிலாந்துக்குப் பரவியது. அது தவிட்டையும் முளையையும் சுத்தமாகப் பிரித்து வெண்மா தந்தது. அமெரிக்கக் கோதுமை கப்பலில் வந்தது; ஆகவே ஆலையும் ஆற்றங்கரையை விட்டுத் துறைமுகத்துக்குப் போயிற்று. ஊர்ச் சக்கரங்கள் ஒவ்வொன்றாக நின்றன.

அந்தத் துறைமுக ஆலை எங்களிடமும் வந்தது. அமெரிக்காவின் பி.எல். 480 திட்டத்தில் வந்த கோதுமை மாவுக்கு இலங்கை பழகியபின், 1977இல் செய்த ஒப்பந்தப்படி சிங்கப்பூரின் பிறீமா நிறுவனம் திருகோணமலை சீனக்குடாவில் கட்டிய ஆலை 1980இல் இயங்கத் தொடங்கியது. கோதுமையை அரசு இறக்கும், நிறுவனம் அரைக்கும், மா அரசுக்கு. அரைப்புக் கூலி? தவிடு. கால்நடைத் தீவனத்துக்கு உலகச் சந்தையில் விலைபோகும் தவிடு. 2001இல் ஆலை முற்றாக அந்த நிறுவனத்துக்கே விற்கப்பட்டது.

கோடிப்புறத்தில் நெல் குற்றிய தாயும் மகளும் பெற்றதும் தவிடுதான். அதே பண்டம், அதே பெயர். அவர்களுடைய தவிடு எங்கள் வீட்டுத் தயவு. நிறுவனத்தின் தவிடு ஒப்பந்தத்தில் எழுதிய உரிமை. 1995 ஒக்ரோபர் முடிவில் வலிகாமம் வெறுமையானபோது அவர்களும் எங்களோடு தென்மராட்சிக்கு நடந்தார்கள். முகாமில் எங்கள் இரு குடும்பங்களுக்கும் நிவாரண மாவை ஒரே பேணியால் அளந்து கொடுத்தார்கள்.